குடும்ப அறையில் ஐந்தாவது தடவை

எங்கள் வீட்டில் ஹோட்டலுக்குப் போகிறோம் என்றால் அத்தையை யாரோ பெண் பார்க்க வருகிறார்கள் என்று அர்த்தம். மற்றபடி ஹோட்டல் சாப்பாடு மஞ்சள்காமாலையில் கொண்டுபோய் விடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. என் பிறந்தநாளுக்கும் அது அசையவில்லை, நான் வகுப்பில் முதலாவதாக வந்ததற்கும் அசையவில்லை. அத்தைக்கு வரன் வந்தால் மட்டும் அசையும். அதனால் அத்தைக்கு அடிக்கடி வரன் வர வேண்டும் என்று தெருமுனைப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொள்வேன். அடிக்கடி வர வேண்டுமென்றால் ஒவ்வொருத்தனும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையாருக்காவது தோன்றியிருக்க வேண்டும். அவர் பாட்டுக்கு நான் கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு அம்பாசமுத்திரத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல நிறம், நீளமான முடி. பல் மட்டும் கொஞ்சம் தூக்கல். எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. அத்தை சிரித்தால் முதலில் பல் வரும், பிறகு சத்தம் வரும், பிறகு அவளுக்குக் கண்ணீர் வரும். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே நான் பள்ளிக்கூடத்தில் நடக்காததையெல்லாம் நடந்ததாகச் சொல்வேன்.

அப்போது விக்கிரமசிங்கபுரத்தில், மில் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடு ஒன்றில் இருந்தோம். வரிசையாகப் பதினாறு வீடு, இடையில் ஒரே சுவர். இந்த வீட்டில் கேசரி கிண்டினால் அந்தக் கடைசி வீட்டுக்கு வாசனை போய்விடும். முதலில் இரண்டு மூன்று பேர் அத்தையை வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். அவர்கள் வேண்டாம் என்ற பிறகு, தண்ணீர்க் குழாயடியில் ஒவ்வொருத்தியும் அம்மாவிடம் துக்கம் விசாரித்தாள். இது கூடாது என்று அப்பா முடிவு செய்தார். இனிமேல் பார்க்கிறவர்கள் திருநெல்வேலியில், வண்ணார்பேட்டையில் ஒரு ஹோட்டலில் வைத்துப் பார்க்கட்டும். பிடித்திருந்தால் வீட்டுக்கு வரட்டும். இல்லையென்றால் காதும் காதும் வைத்தாற்போல முடிந்துவிடும். லைனில் கேட்டால் துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அது முழுப் பொய்யாகிவிடக் கூடாது என்று அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்புவாள்.

அந்த ஹோட்டலில் முன்கூடம் ஆம்பளைகளுக்கு. பக்கவாட்டுச் சந்தில் போனால் மரத்தட்டி வைத்து மறித்த நாலு அறைகள், ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு ஆடும் கதவு, மேலே ‘குடும்பத்தினர் மட்டும்’ என்று பலகை. எப்போதும் கடைசி அறைதான் எங்களுக்கு. தரகர் மாப்பிள்ளை வீட்டாரை முன்னாலேயே அதில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவார். நாங்கள் ஏதோ பசியாறப் போனவர்கள் மாதிரி நுழைவோம். முன்பின் பார்த்திராத அவர்களைப் பார்த்து அப்பா, “அடடே, நீங்க எங்க இங்கன?” என்பார். நடிப்பு அப்பாவுக்குச் சுத்தமாக வராது. அவர்களும் அடடே என்பார்கள். பிறகு எல்லாரும் ஒரே மேஜையில் நெருக்கி உட்காருவோம்.

எனக்கு விதி ஒன்றுதான், ஒரு அயிட்டத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அத்தைக்கு நிறைய. வான நீலப் புடவையைத்தான் கட்ட வேண்டும். காப்பி தவிர வேறெதுவும் கேட்கக் கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். உதட்டை மூடிக்கொண்டு சிரிக்க வேண்டும், சிரிக்காமலே இருந்தால் இன்னும் நல்லது. இதையெல்லாம் அம்மா பஸ்ஸில் போகும்போது அத்தையின் காதில் சொல்லிக்கொண்டே வருவாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாத்தனார் கரையேற வேண்டுமே என்ற கவலை அம்மாவுக்கு அப்பாவைவிட அதிகம் இருந்தது.

நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஹோட்டலுக்கு முதல் ஆள் வந்தான். அன்றைக்கு எனக்கு ரவா தோசை. அடுத்தவனுக்குப் பூரி. அதற்கடுத்து பட்டர் ரோஸ்ட், அதற்கும் அடுத்து புரூட் சாலட் வித் ஐஸ்கிரீம். நானும் அத்தையும் அவர்களுக்கு அப்படியே பெயர் வைத்திருந்தோம். பூரி மாப்பிள்ளை காப்பியை உறிஞ்சிய சத்தத்தை அத்தை வீட்டில் செய்து காட்டுவாள், நான் பாயில் உருண்டு உருண்டு சிரிப்பேன். எட்டு நாளில் தரகர் வந்து, பொருத்தத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், சரியாக வரவில்லையாம் என்பார். அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்துவாள். அத்தைதான் என்னைப் பக்கத்தில் இழுத்து, “ஏட்டி, அடுத்த மாப்பிள்ளைக்கு என்ன தின்னப் போற?” என்று கேட்பாள். இப்படிக் கேட்கிற ஒருத்திக்கு வருத்தம் இருக்குமென்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்?

ஐந்தாவது ஆள் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அத்தைக்கு முப்பத்திரண்டு. ஆனால் தரகர், முப்பதுக்கு மேல் என்றால் ஒருத்தன் ஜாதகத்தைக் கையால் தொட மாட்டான் என்று சொல்லி, நகல் எழுதும்போது பிறந்த வருஷத்தை ஆறு வருஷம் பின்னால் தள்ளிப் போட்டு இருபத்தாறாக்கிவிட்டார். அதற்குத் தக்கபடி கிரகங்களும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. பெண்ணுக்கு இப்போதுதான் ஜாதகமே எடுத்திருக்கிறார்கள், இன்னும் யாருக்கும் காட்டவில்லை என்றும் அவரே சொல்லி வைத்திருந்தார். அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் யோசித்தார். பிறகு சரி என்றுவிட்டார். இதில் ஒரு வார்த்தையும் என் காதுக்கு வரவில்லை. சின்னப்பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

அன்று ஐப்பசி மழை. ஞாயிற்றுக்கிழமை, முன்கூடம் நிரம்பியிருந்தது. கடைசி அறையில் மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். ஆழ்வார்திருநகரிக்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார். இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள் முப்பத்தெட்டு ஆகிவிட்டதாம். காதோரம் நரைத்திருந்தது. அப்பா தன் அடடேயைச் சொன்னதும் அவர் எழுந்து நின்று, உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லிவிட்டார். அப்பா இன்னொரு தடவை அடடே என்றார்.

நான் நெய் ரோஸ்ட் கேட்டேன். அந்தக் கடையில் அதைக் கூம்பாகச் சுருட்டி நிற்க வைத்துக் கொண்டுவருவார்கள். தட்டை என் முன்னால் வைத்ததும் என் முகம் அதற்குப் பின்னால் மறைந்துவிட்டது. வாத்தியார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு பிள்ளை இருந்ததே, ஆளைக் காணோமே, தோசை தின்றுவிட்டதா என்று ரொம்பக் கவலையாக அப்பாவிடம் விசாரித்தார்.

அத்தை சிரித்துவிட்டாள். உதட்டை மூடிக்கொண்டு அல்ல, வீட்டுச் சிரிப்பு, பல்லும் சத்தமுமாக. அம்மா மேஜைக்கடியில் கிள்ளியிருக்க வேண்டும், சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாத்தியார் அவளைப் பார்த்து, எங்களுக்குக் கேட்டும் கேட்காததுமாகச் சொன்னார்.

“நல்லாத்தான இருக்கு. எதுக்கு மூடுதிய?”

அத்தை கையை எடுத்தாள். அதன்பிறகு அந்தக் கை மேலே வரவில்லை. அவர் டைப்ரைட்டிங் பற்றிக் கேட்டார், அத்தை கேட்டதற்கு மேலேயே சொன்னாள். சாப்பிட ஏதாவது சொல்லுங்கள் என்றதும் அம்மாவைப் பார்க்காமலே அடை கேட்டாள், வந்ததை நிதானமாகப் பிட்டுத் தின்றாள். அத்தை அந்த அறையில் பசியோடு சாப்பிட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை தடவையும் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஊர் திரும்பியவள். அப்பாவின் முகம்கூடத் தெளிந்துவிட்டது. வாத்தியாரின் அக்கா அம்மாவிடம் வெள்ளிக்கிழமை நல்ல நாள்தானே என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சர்வர் அண்ணாச்சி உள்ளே வந்தார். நல்ல மனுஷன். போன தடவை என் ஐஸ்கிரீம் மேல் இரண்டு செர்ரி வைத்துக் கொடுத்தவர். அன்றும் வாய் நிறையச் சிரிப்போடு, பாப்பாவை ரொம்ப நாளாகக் காணோமே, போன தடவை மாதிரி புரூட் சாலட்தானே என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அப்பாவைப் பார்த்து, இந்த ரூம் உங்களுக்கென்றே எழுதி வைத்தது மாதிரி ஆகிப்போச்சு அண்ணாச்சி என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வாத்தியாரின் அக்காவுக்கு அதில் சந்தேகம் ஒன்றுமில்லை. பிள்ளையிடம் ஆசையாகப் பேச ஒரு விஷயம் கிடைத்தது, அவ்வளவுதான். குனிந்து என் கன்னத்தைத் தொட்டு, அடிக்கடி ஹோட்டலுக்கு வருவீர்களா என்று கேட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் வகுப்பில் யாரும் ஒரு தடவைகூடப் போகாத ஹோட்டல்.

“நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போதே வந்திருக்கோம். அத்தைய யாராச்சும் பாக்க வந்தாங்கன்னா இங்கனதான் வருவோம். இது அஞ்சாவது.”

அதோடு விட்டேனா? விரலை மடக்கி, முதலில் ரவா தோசை மாப்பிள்ளை என்று ஆரம்பித்து வரிசையாக ஒப்பித்தேன். பூரி மாப்பிள்ளை காப்பி குடித்ததைச் செய்தும் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. அத்தையாவது சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் தட்டில் மிச்சமிருந்த அடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தரகர் இப்பதான் ஜாதகமே எடுத்திருக்குன்னுல்லா சொன்னாரு,” என்றாள் அந்த அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. தனக்குத்தான் ஏதோ தப்பாக ஞாபகம் இருக்கிறதோ என்கிற மாதிரி சொன்னாள். அப்பா தண்ணீரை எடுத்துக் குடித்தார். புரூட் சாலட் வந்தது, இரண்டு செர்ரியோடு. அந்த மேஜையில் நான் ஒருத்திதான் சாப்பிட்டேன். தின்று முடித்துவிட்டு, யாரும் பேசாமல் இருந்ததால் இதுதான் சமயமென்று இன்னொன்று கேட்டேன். அவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டார்கள். வாத்தியார் அத்தையைப் பார்த்துக் கும்பிட்டார். அத்தையும் கும்பிட்டாள்.

அதன்பிறகு நடந்ததை ரொம்ப வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த அக்கா அம்பாசமுத்திரத்தில் ஆள் வைத்து விசாரித்திருக்கிறாள். இன்ஸ்டிட்யூட்டிலேயே வயது தெரிந்துபோயிற்று. பத்து நாளில் பதில் வந்தது. பல்லை ஒரு குறையாக அவர்கள் நினைக்கவேயில்லையாம். வயதும் பிரச்சினையில்லை. சொல்லப்போனால், பெண்ணுக்கு இருபத்தாறுதானே, நமக்குப் பொருந்துமா என்றுதான் வாத்தியார் முதலில் வரவே யோசித்தாராம். முப்பத்திரண்டு என்றிருந்தால் யோசித்திருக்கவே மாட்டாராம். ஆனால் ஜாதகத்திலேயே பொய் எழுதுகிற வீட்டில் பெண் எடுக்க அக்காவுக்கு மனமில்லை, அக்கா சொல்லைத் தாண்ட அவருக்கு மனமில்லை. அடுத்த தை மாதம் அவருக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் அத்தை யார் முன்னாலும் போய் உட்காரச் சம்மதிக்கவில்லை. அப்பா கெஞ்சினார், அம்மா அழுதாள். அவள் அசையவில்லை.

அன்று சாயங்காலம் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றோம். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று பக்கத்தில் வந்து கையை ஓங்கினார். அதுவரை அவர் என்னை அடித்ததில்லை. அத்தை நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

“அண்ணே, பிள்ளை மேல கை வைக்காதிய. பொய் சொன்னது அது இல்லல்லா.”

அப்பா கையை இறக்கினார். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு ரவிக்கைத் துணி வாங்க மறந்துவிட்டோம்.

பஸ்ஸில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். எதற்காக அடி விழ இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுக்கு மேல் கேட்கக் கூடாது என்பது விதி. நெய் ரோஸ்ட், புரூட் சாலட், அதற்கு மேலும் ஒரு புரூட் சாலட் கேட்டுவிட்டேன். அவர்கள் எழுந்து போனதும் அதனால்தான். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஜன்னல் ஓரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அத்தையின் கையைப் பிடித்து, அடுத்த மாப்பிள்ளை வரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்பேன் என்று சத்தியம் செய்தேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு, “சரிட்டி,” என்றாள். என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு என் மேல் கோபமில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. அடி வாங்குவதைவிடப் பெரிய துக்கம் ஒன்று உலகத்தில் இருப்பதாக அப்போது எனக்குத் தெரியாது. அந்த அடியும் தப்பிவிட்டது. வயிறு நிறைந்திருந்தது. சேரன்மகாதேவி வருவதற்குள் தூங்கிவிட்டேன்.