கேட்காத சத்தத்துக்கும் பொத்தான்

கல் உடைக்கும் கிரஷரில் ஆறு வருடம் நின்றதில் எனக்கு இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. அதன் பிறகு பல ஊர், பல வேலை. கடைசியில் மாதாப்பூரில் ஒரு தமிழ் மெஸ்ஸின் கவுன்டரில் ஆர்டர் வாங்க நின்றேன். முதல் வாரமே நாலு பார்சல் மாறிப்போய்த் திரும்பி வந்தன.

மெஸ் முதலாளி, செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழர். “அண்ணே, இன்னும் ஒண்ணு திரும்பி வந்துச்சுன்னா கவுன்டர் நக்கோ, வேணாம். பின்னாடி பாத்திரம்தான். காதுக்கு மிஷின் வாங்கி மாட்டுங்க” என்றார்.

பாத்திரமும் கழுவியிருக்கிறேன். விரலிடுக்கெல்லாம் புண்ணாகும். அதனால் மல்காஜ்கிரியில் ஒரு காது மிஷின் கடைக்குப் போனேன்.

அங்கே காது பார்க்கிற பெண்ணும் தமிழ்தான். என்னைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். “பீப்னு சத்தம் வந்தா அமுக்குங்க அங்கிள். லேசாக் கேட்டாலும் அமுக்குங்க.”

நான் ஏழாவதோடு நின்றவன். அதுவரை பாஸானதெல்லாம் பக்கத்துத் தாளைப் பார்த்துத்தான். பரீட்சை என்றால் என் கண் சும்மா இருக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் சத்தம் அனுப்பும்போதெல்லாம் தோள் லேசாக அசைந்தது. தோள் அசைந்தால் அமுக்கினேன். பாதிச் சத்தம் காதில் விழவே இல்லை, ஆனாலும் ஒன்றையும் அமுக்காமல் விடவில்லை.

“பரவால்லையே! கொஞ்சம்தான் குறைச்சல். உள்ள வைக்கிற சின்ன மிஷின் போதும்” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் போட்டுப் பார்க்கக் கொடுத்தாள்.

மறுநாள் மதியமே இன்னொரு பார்சல் திரும்பி வந்தது.

“மிஷின் எங்க அண்ணே?” என்றார் முதலாளி.

“காதுக்குள்ள இருக்கு.”

“இருந்து? நாளைக்கு ஒரு நாள் பாப்பேன். அவ்வளவுதான்.”

அன்று சாயங்காலமே கடைக்கு ஓடி உண்மையைச் சொன்னேன்.

“காது டெஸ்ட்ல காப்பியா! யாரைப் பாத்து அடிச்சீங்க?”

“உன்னத்தான்மா.”

நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். இந்த முறை என் விரலுக்கு அதிக வேலை இல்லை. அவள் காட்டிய தாளில் கோடு மாடிப்படியில் உருண்டு விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. “சின்னது பத்தாது அங்கிள். காதுக்குப் பின்னாடி மாட்டுறதுதான் சரி. வெளிய தெரியும், பரவால்லையா?”

“பாத்திரம் கழுவினா விரல் புண்ணும் வெளிய தெரியத்தான் செய்யும். மாட்டும்மா.”

மறுநாள் மதியக் கூட்டத்தில் ஒரு பார்சலும் திரும்பவில்லை. ஆனால் காதுக்குப் பின்னால் மிஷினைப் பார்த்த ஐடி பிள்ளைகள் கவுன்டரில் குனிந்து கத்த ஆரம்பித்தார்கள். “அங்கிள்! ரெண்டு! மீல்ஸ்!” மண்டை அதிர்ந்தது.

“மெதுவாச் சொல்லுங்க சார். காது நல்லாக் கேக்குது.”

பக்கத்தில் முதலாளி போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். “ஹவ், ஹவ், ஆமா, பாத்திரத்துக்குத்தான் ஆள் வேணும். இவர் கவுன்டர்லயே இருக்கட்டும்.”