காட்டில் கூப்பிட்ட பெயர்

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் படிக்கும்படி எழுத எனக்கு என்ன இருக்கிறது என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, தாத்தா பிறந்த ஊருக்குக் கப்பலேறப் போவதாக லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அவரிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாளக் கார்டு. வேலை பெர்மிட் கிடைக்கவில்லை; அது இல்லாமல் நாட்டில் இருக்க முடியாது. ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார் என்று அம்மா எங்களிடம் சொல்லியிருந்தாள். அந்த ஊரை மாமா ஒருநாளும் கண்டதில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. என்னையும் தம்பியையும் தேயிலை மலைக்குப் பின்னாலிருந்த சதுப்புக் காட்டுக்கு மாமா அழைத்துப் போனார். நுழையும் இடத்தில் வன இலாகாவின் மலாய் மொழிப் பலகை, எதையும் பறிக்கக் கூடாது என்றது. அதற்குமேல் மாமாவின் சட்டம் ஒன்று.

“உள்ள யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா காடு அந்தப் பேரைப் பிடிச்சு வச்சுக்கும். ‘ஓய்’ போதும்.”

உள்ளே தரை மெத்தையாக அமுங்கியது. மரங்கள் பாசியைப் போர்த்திக்கொண்டு நின்றன. பூச்சி பிடிக்கும் கெண்டிச் செடிகள் வாயைத் திறந்து பனியைக் குடித்தன. பனி எங்கள் முட்டிவரை வந்து, நாங்கள் மிதந்து போவதுபோல் இருந்தது.

“ஓய், அக்காவை அட்டை கடிச்சிருச்சு லா! அழப் போறா!” என்றான் தம்பி.

“உன் ரத்தம் அதுக்குப் பிடிக்கலடா. புளிப்பு,” என்றார் மாமா.

கறுத்த தண்ணீர் தேங்கிய ஓரிடத்தில் அவர் செருப்பைக் கழற்றினார்.

“ஜப்பான்காரன் காலத்துல நம்ம ஆளுங்க ஒளிஞ்சிருந்தது இங்கதான். நான் பொறந்ததும் இங்கதான்.”

“ஆஸ்பத்திரி இல்லையா மாமா?”

“அப்ப ஏது ஆஸ்பத்திரி? மருத்துவச்சி, ஆபீஸ் கிராணி எல்லாம் குரங்குதான். சர்ட்டிபிகேட் எழுதித் தர மறந்துட்டு மரத்துல ஏறிட்டான்.”

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். மாமாவும் சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினார். பிறகு பனியைப் பார்த்து, தன் பெயரைத் தானே உரக்கக் கூப்பிட்டார். எங்கோ குரங்குகள் கத்தி ஓய்ந்தன. அவர் மறுபடியும் கூப்பிட்டார்.

நான் பதறிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“வேணாம் மாமா! காடு பிடிச்சுக்கும்!”

“பிடிச்சுக்கட்டும். பேராவது இங்கயே இருக்கட்டும்,” என்றார்.

திரும்பும்போது தோட்டத்து எல்லையில் இருந்த முனியாண்டி கோயிலில் நின்றேன். மாமாவின் பெயரைக் காட்டிடமிருந்து எப்படியாவது பிடுங்கி அவரிடமே கொடுத்துவிடு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு வேண்டினேன். மாமா ஓரமாக நின்று காத்திருந்தார். என்ன வேண்டினாய் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு எதிராகத்தான் வேண்டுகிறேன் என்று எனக்கு அன்று தெரியவில்லை.

மறுநாள் காலை மாமா தகரப்பெட்டியோடு, மலையிறங்கிப் போகும் தாப்பா பஸ்ஸில் ஏறினார். அம்மா கொழுந்து பறிக்கப் போனாள். நாங்கள் பள்ளிக்கூடம் போனோம்.