சொதிப் பையின் முடிச்சு

2024 பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. பூசை முடிந்து கடற்கரை வீதியால் வந்துகொண்டிருந்தேன். வேலியோரம் ஒரு பெண்மான் இறந்து கிடந்தது. எங்கள் நகரத்தில் மான்கள் மாடுகளைப் போல வீதியில் திரிபவை. ஒன்று இறந்தால் சனம் கூடிவிடும். மிருக வைத்தியர் அதன் வயிற்றைக் கீறியிருந்தார். உள்ளேயிருந்து அவர் இழுத்தெடுத்தது, முறுக்கிப் பிழிந்த சேலையைப் போலிருந்தது. அத்தனையும் உணவுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் தாள்.

“உதைத் தடை செய்தாச்சாமே,” என்றார் மீன் கூடையோடு நின்ற ஒரு பெண். “மானுக்கு ஆர் வாசிச்சுக் காட்டுறது?”

சிலர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அந்தத் தாள்களுக்கிடையில் ஒரு சிறு பையைக் கண்டேன்.

உள்ளங்கையளவு பை. அதன் ஓரத்திலிருந்தே கிழித்த நாடா கழுத்தில் சுற்றப்பட்டு, நுனி உள்ளே செருகப்பட்டிருந்தது. அம்மா கட்டும் முடிச்சு. அப்பா இறந்தபின் எங்கள் வீடு அம்மாவின் இடியப்பப் பார்சல்களால்தான் நடக்கிறது. இடியப்பத்துக்கு ஊற்றும் தேங்காய்ப்பால் சொதியின் பைகளை அவர் அப்படித்தான் கட்டுவார். ஒரே இழுவையில் அவிழும் என்பதில் அவருக்குப் பெருமை. ஆனால் இந்த முடிச்சை எவரும் அவிழ்க்கவில்லை. பையின் மூலையைக் கடித்துச் சொதியை ஊற்றியிருக்கிறார்கள்.

“பாவம், தங்கச்சி,” என்று பக்கத்தில் ஒரு குரல். துறைமுக வீதிக் கந்தோர் ஒன்றில் வேலை செய்பவர். நெடுநாளாக அம்மாவிடம் காலைப் பார்சல் எடுப்பவர். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. “ஒவ்வொரு நாளும் மிச்ச இடியப்பத்தை நான் இவையளுக்குத்தான் வைக்கிறனான். காகம் கொத்திப்போடுமெண்டு எல்லாத்தையும் வடிவாச் சுத்திக் கட்டித்தான் வைப்பன்.”

தான் சொன்னது அவருக்கே கேட்கவில்லை போலும். கண்ணைத் துடைத்துவிட்டு, “அம்மாட்டச் சொல்லுங்கோ, நாளைக்கு ரெண்டு பார்சல் கூட. கந்தோருக்குப் புது ஆக்கள் வந்திருக்கினம்,” என்றார்.

“ஓம் அண்ணா,” என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. ‘கொன்றது’ என்று ஒரு வாக்கியத்தை முடிக்கலாம்; எழுவாய்தான் கிடைக்கவில்லை. தாளா, பையா, கட்டிக் கொடுத்தவரா, இரங்கி வைத்தவரா? நடக்க நடக்க, அது அம்மாவின் முடிச்சுத்தானா என்பதும் ஐயமாகியது.

அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, சொதிப் பையை அப்பிடிக் கட்ட ஆரிட்டப் பழகினனீங்கள்?”

“ஏன், கம்பஸில சோதினைக்கு வருதோ?” என்று சிரித்தார். “கிண்ணியாவில ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் உப்பிடித்தான் கட்டுறவர். கண்டு பழகினனான். இப்ப எல்லாரும்தான் கட்டினம்.”

“பை இல்லாமல் குடுக்க ஏலாதோ?”

துருவுவதை நிறுத்தினார். “முந்தி போத்தலில குடுத்தனான். ஒரு போத்தலும் திரும்பி வரேல்ல. பிறகு வாழையிலை. சொதி ஒழுகி ஒருத்தற்ற ஃபைல் நனைஞ்சு போச்சு. அடுத்த கிழமை பாதி ஆக்கள் கடைக்குப் போயிட்டினம். பை இல்லையெண்டால் பார்சல் இல்லைப் பிள்ளை. ஏன், ஆரும் ஏதும் சொன்னவையோ?”

அந்த மானைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா மறுநாளே பையை விட்டுவிடுவார், அவர் அப்படிப்பட்டவர். அதன்பின் நாங்கள் எதைக்கொண்டு வாழ்வது?

“இல்லை,” என்றேன். “நாளைக்கு ரெண்டு பார்சல் கூடவாம்.”

அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல நான்தான் பார்சல்களைக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். மானுக்காகக் கண்கலங்கிய அந்த அண்ணாவுடையதை நீட்டும்போது, மிச்சத்தை மானுக்கு வைக்காமல் தாளோடும் பையோடும் எனக்கே தரும்படி கேட்டேன். மற்றவர்களுடையதையும் சேர்த்து வைத்தால் பின்னேரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன்.

“ஏன் தங்கச்சி, வீட்டில நாய் வளக்கிறீங்களோ?”

“ஓம்,” என்றேன். எங்கள் வீட்டில் நாய் இல்லை.