டிராக்டருக்கு வந்த முதல் அழைப்பு

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். காலனியில் முதன்முதலாக டிராக்டர் வாங்கியவன் நான்தான். பழைய வண்டி. வாங்குமுன் நானும் என் மனைவி செல்வியும் டீசல், டயர், ரிப்பேர் எல்லாவற்றையும் யோசித்தோம். எங்கள் ஒரு ஏக்கருக்கு மட்டும் என்றால் கட்டுப்படியாகாது. ஊருக்குள் வாடகைக்கு உழுதால்தான் தாங்கும்.

மழை பெய்தது. ஊர்த் தெருவிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. வெளியூர் வண்டிகள் அதிக வாடகைக்கு வந்து உழுதுவிட்டுப் போயின.

ஒரு நாள் காலை, என் அப்பா காலமெல்லாம் கூலி வேலை பார்த்த வயலின் சொந்தக்காரர் போன் செய்தார். செல்வியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"வண்டி சும்மாதான நிக்கிது?"

"ஆமாங்கய்யா. எந்த வயலுக்கு வரணும்?"

"வயலுக்கு இல்லடா. தொழுவத்துல எருமை செத்துக் கெடக்கு. கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போயிப் பொதைச்சிரு."

"ஒழவுன்னா வாரேங்கய்யா."

அவர் சிரித்தார். "ஒழவுக்கு எம்புட்டோ வண்டி இருக்கு. இதுக்குத்தான ஒன்னயக் கூப்புடுறேன்."

போனை வைத்துவிட்டேன். செல்வி என் முகத்தைப் பார்க்காமல், "வண்டிய வெளியூருக்கு எடுங்க" என்றாள்.

இப்போது வாடிப்பட்டிப் பக்கம் உழுகிறேன். டீசலில் பாதி ரோட்டிலேயே போய்விடுகிறது. போன வாரம் ஒரு விவசாயி தன் வீட்டுச் செம்பில் தண்ணீர் கொடுத்து, "எந்த ஊரு மாப்ள, எந்தத் தெரு?" என்று கேட்டார்.

"மேலூர் டவுனுண்ணே, பஸ் ஸ்டாண்டுப் பக்கம்" என்று பொய் சொன்னேன்.

நல்ல மனிதர். உண்மையைச் சொல்லிப் பார்த்திருக்கலாம். அவர் முகம் மாறுமா, மாறாதா என்று தெரிந்துகொள்ளும் துணிச்சல்தான் எனக்கு இல்லை.