கிரிக்கெட் மைதானத்தில் ஒரு பேஸ்பால் அணி

கிரிக்கெட் கோச்சைப் பார்த்தால் 'எந்தப் பையன் மேலே வருவான்?' என்று கேட்பார்கள். பேஸ்பால் கோச்சைப் பார்த்தால் 'அப்புறம், வேலை என்ன பார்க்கறீங்க?' என்று கேட்பார்கள். மும்பை ஆண்டாப் ஹில்லில் எங்கள் பில்டிங்கில் எல்லாருக்கும் நான் ஒரு காலேஜில் பி.டி. டீச்சர் என்று தெரியும். பல்கலைக்கழகப் பெண்கள் பேஸ்பால் அணிக்கும் நான்தான் கோச் என்பதை லிஃப்டில் நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். யாரும் பார்க்காத விளையாட்டைச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவர்கள் இன்னும் சிலர் இருப்பீர்கள். நான் பட்டதில் பாதியாவது நீங்களும் பட்டிருப்பீர்கள்.

செலக்‌ஷன்

அணி தொடங்கிய வருடம் எல்லாக் கல்லூரிகளுக்கும் தகவல் அனுப்பி, மாட்டுங்காவில் ஒரு மைதானத்தில் செலக்‌ஷன் வைத்தோம். மைதானத்தின் மறுபாதியில் பெண்கள் கிரிக்கெட் செலக்‌ஷன். அங்கே வரிசை கேட் வரைக்கும் நின்றது. எங்கள் பக்கம் வந்தவர்களை வைத்து ஒரு அணியை நிரப்ப முடியவில்லை. வந்தவர்களில் ஸ்ருதி என்ற முலுண்ட் தமிழ்ப் பெண் மட்டும் என் கண்ணில் பட்டாள். ஒல்லி, கண்ணாடி போட்டிருந்தாள், ஈட்டி எறிகிறவள். ஒரு பந்தைக் கொடுத்து எறியச் சொன்னேன். அது போன வேகத்தைப் பார்த்ததும் பிட்சர் கிடைத்துவிட்டாள் என்று நிம்மதியானேன். பேஸ்பாலில் பந்தை எறிகிற பிட்சர் நன்றாக இருந்தால் பாதி மேட்ச் கையில்.

ஆனால் அந்தப் பந்தைப் பிடிக்க ஆள் வேண்டும். பேட் பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பிடிக்கிற கேட்சர். மத்தியானம் ஆகிவிட்டது. யாருமில்லை. அப்போது கிரிக்கெட் பக்கத்திலிருந்து ஒரு பெண் கீப்பிங் க்ளவுஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தாள். பெயர் ரஹீமா, தாராவி. என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் எங்கள் கூட்டத்தை ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அங்க என்னைய ரிஜெக்ட் பண்ணிட்டாங்க மேடம். இங்க ரிஜெக்ட் பண்ணுத அளவுக்கு உங்ககிட்ட ஆளு இல்ல போல."

பந்து இருக்கிறதா

முதல் பிராக்டிஸ் மேட்ச் நவி மும்பையில். கிட் பையில் நாலு பேட் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, லோக்கல் பிடிக்க ஸ்டேஷனுக்குள் நுழைந்தோம். ஒரு பெண் கான்ஸ்டபிள் எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார். இந்த ஊரில் பேஸ்பால் பேட்டைக் காரின் டிக்கியில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம், அதுவும் வேறு காரியத்துக்கு. அடிதடி கேஸில் அதைப் பார்த்துப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. பல்கலைக்கழகம், அணி, மேட்ச் என்று நான் சொன்னதையெல்லாம் முகம் மாறாமல் கேட்டார். ஐ.டி. கார்டைக் காட்டினேன். அதற்கும் அசையவில்லை.

ரஹீமா பையைத் தரையில் கவிழ்த்தாள். க்ளவுஸ், முகமூடி, அழுக்கேறிய வெள்ளைப் பந்துகள். ஒரு பந்து உருண்டு அவர் ஷூவில் போய் முட்டியது. எடுத்து, சிவப்புத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். மராத்தி கலந்த இந்தியில் அவர் சொன்னது இது:

"பேட் வச்சிருக்கவன் எல்லாரும் பேஸ்பால் ஆடறேன்னுதான் சொல்றான். பந்து வச்சிருக்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

கவசம்

வெளி மாநிலத்தில் போட்டி. ரஹீமாவை வீட்டில் அனுப்ப மாட்டார்கள் என்று தெரிந்ததும் ஸ்ருதியையும் கூட்டிக்கொண்டு தாராவிக்குப் போனேன். கீழே அவள் வாப்பாவின் பை தைக்கிற பட்டறை, மேலே வீடு. மெஷின் சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்தது. அவள் உம்மாவின் பயம் அடி படுமே என்பதுதான். அதெல்லாம் படாது, பாருங்கள் என்று கேட்சருக்கான சாமான்களை எடுத்து ஒவ்வொன்றாக ரஹீமாவுக்கு மாட்டிவிட்டேன். முகமூடி, நெஞ்சுக் கவசம், முழங்காலுக்கு, கணுக்காலுக்கு. மாட்ட மாட்ட அந்தம்மாவின் முகம் வெளுத்தது. நான் செய்தது தப்பு என்று கடைசிப் பட்டையை இழுக்கும்போதுதான் உறைத்தது.

"இம்புட்டையும் மாட்டிவிட்டு உக்கார வைக்கீயளே, எறியுதவ என்ன கோட்டிக்காரியா?" என்று கேட்டார்.

"நான்தான் ஆன்ட்டி எறியறது," என்றாள் ஸ்ருதி, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு.

அவர் ஸ்ருதியின் கண்ணாடியையும் குச்சிக் கையையும் மேலும் கீழுமாகப் பார்த்தார். அன்று திரும்பி வருகிற வழியெல்லாம் ஸ்ருதி என்னோடு பேசவில்லை, அவர் சொன்ன பதிலால்:

"இந்தப் பிள்ளையா? அப்பம் போயிட்டு வாங்க."

ரகசிய மொழி

கேட்சர் விரல்களால் சைகை காட்ட, பிட்சர் அதைப் பார்த்து எறிய வேண்டும். ஸ்ருதி விளையாடும்போது கண்ணாடி போட மாட்டாள். விரல் தெரியாது. அதனால் ரஹீமா வாயாலேயே சொல்லிவிடுவாள், தமிழில். 'உள்ள', 'வெளிய', 'கீழ', 'மெதுவா'. மற்ற பெண்கள் மராத்தியும் குஜராத்தியும். முதல் இரண்டு எதிரணிகளோ வட மாநிலத்துக்காரர்கள். எவருக்கும் ஒன்றும் புரியாது. இரண்டு மேட்ச் இப்படியே ஜெயித்தோம். பெஞ்சில் உட்கார்ந்து எனக்கே கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

மூன்றாவது மேட்ச் தமிழ்நாட்டு அணியோடு. ஆட்டச் சூட்டில் இருவருக்கும் அது உறைக்கவில்லை. குள்ளமான ஒரு பெண் பேட் பிடிக்க வந்தாள். ரஹீமா உரக்கச் சொன்னாள்: "நல்லா வெளிய போடு, இவளுக்குக் கை எட்டாது." அந்தப் பெண் அமைதியாக ஒரு எட்டு முன்னால் வந்து நின்று, வெளியே வந்த பந்தை மைதானத்தின் கடைசிக்கு அடித்தாள். மூன்று பேஸையும் சுற்றி ஓடி, கிளம்பிய இடத்துக்கே வந்து, ரஹீமாவின் காலடியில் இருந்த ஹோம் தட்டை மிதித்தாள். மூச்சு வாங்க, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்:

"எட்டிருச்சுக்கா."

டைம்

அந்த மேட்ச்சையும் எப்படியோ ஜெயித்தோம். அடுத்ததிலும் ஜெயித்தால் முதல் நான்கு அணிகளில் ஒன்றாகிவிடுவோம். அப்புறம் இந்த அணியை அடுத்த வருடம் வைப்பதா வேண்டாமா என்று பல்கலைக்கழகத்தில் யாரும் பேச முடியாது.

கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னால் இருக்கிறோம். ரஹீமா அம்பயரிடம் டைம் கேட்டாள். வழக்கமாகப் பிட்சரிடம் போவாள். அன்று முகமூடியைக் கழற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "மேடம், அவளுக்குத் தோள்பட்டை நேத்துலேருந்து வலிக்குது. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கா. இப்பம் பந்து கைக்கு வரும்போதே செத்து வருது," என்றாள்.

நான் மைதானத்துக்குள் போனேன். ஒன்றுமில்லை, முடித்துவிடுகிறேன் என்றாள் ஸ்ருதி. கையைத் தலைக்கு மேல் தூக்கு என்றேன். காது வரைக்கும்கூட வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கப் பார்த்தாள். பந்தை அவள் கையிலிருந்து வாங்கி, பிராக்டிஸில் மட்டும் எறிந்து பழகிய இன்னொரு பெண்ணிடம் கொடுத்தேன். அவள் பயந்து பயந்து எறிந்தாள். தோற்றோம்.

பெஞ்சில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரஹீமா முழங்கால் கவசத்தை அவிழ்க்கிற மாதிரி ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். ஸ்ருதி தோளில் ஐஸ் பையோடு அவள் முன்னால் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்," என்றாள்.

மேலிடம்

திரும்பி வந்ததும் விளையாட்டுப் பிரிவு அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். ஜெயிக்க வேண்டிய மேட்ச்சில் நல்ல பிட்சரை ஏன் எடுத்தேன் என்று விளக்கம் வேண்டுமாம். தோள் மூட்டு, தசை, டாக்டர் சொன்ன ஓய்வு, எல்லாவற்றையும் சொன்னேன். வயது இருபதுகூட ஆகாத பெண்ணின் கை, அது அவளுக்கு ஆயுசு முழுக்க வேண்டும் என்றும் சொன்னேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். அணியை நிறுத்தவும் இல்லை. ஆனால் நான் எழுந்துகொள்ளும்போது மனசு தாங்காமல் கேட்டுவிட்டார்:

"இருந்தாலும் மேடம், இன்னும் ரெண்டு ஓவர்தானே பாக்கி, போட்டிருக்க மாட்டாளா?"

முதல் பேஸ்

ஸ்ருதி மறுபடி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. மாதக்கணக்கில் பிசியோதெரபி முடித்துவிட்டு, அடுத்த சீசனில் ஒரு காலை வந்து நின்றாள். பிட்சிங் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் பேஸில் நிறுத்தினேன். அங்கே பிடிக்கிற வேலைதான் அதிகம். ரஹீமாவோடு மட்டும் பேச்சு இல்லை. "மேடம், கேட்சரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்பாள், கேட்சர் பக்கத்திலேயே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது. ரஹீமாவும் என்னைப் பார்த்தே பதில் சொல்வாள். நான் நடுவில் நின்று தமிழைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அன்று என்னிடம் வந்து சொன்னது சரி என்று ரஹீமாவிடம் சொல்லலாம். ஆனால் அவள் இழந்தது மேட்ச் இல்லையே, அதை நான் எப்படித் திருப்பித் தருவேன்?

செம்பூரில் ஒரு நட்பு மேட்ச். மூன்றாவது பேஸில் நின்ற எதிரணிப் பெண் ஹோமுக்கு ஓட, பந்து உருண்டு ஸ்ருதியிடம் வந்தது. ஹோமுக்கு வேகமாக எறிந்தால் அவள் அவுட். ஸ்ருதி கையை ஓங்கினாள். "எறியாத, விட்டுரு" என்று ரஹீமா கத்தினாள். ஸ்ருதி அப்படியே நின்றாள். ரன் போய்விட்டது.

ஸ்ருதி விறுவிறுவென்று நடந்து ஹோம் வரைக்கும் வந்தாள். அம்பயர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. "ஏன் தடுத்தே? என் கை நல்லாத்தான் இருக்கு, எறிஞ்சிருப்பேன்," என்றாள். என் வழியாக இல்லை, நேராக அவளிடம். ரஹீமா முகமூடியைத் தலைக்கு மேல் ஏற்றிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்? நீதான் இப்பம்லாம் எங்கிட்ட ஒண்ணும் சொல்லுததில்லையே."

அன்றும் தோற்றோம், ஆனால் திரும்பி வரும்போது ரயிலில் ஒரே சீட்டில் இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ருதிக்கு இப்போது ஐரோலியில் ஐ.டி. வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எங்கள் புதுப் பிட்சருக்கு, தோள் வலித்தால் உடனே வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்லித் தருகிறாள். ரஹீமா பி.டி. டீச்சருக்குப் படிக்கிறாள். முதல் நான்கில் எங்கள் அணி இன்னும் வரவில்லை.

யார் எறிய வேண்டும் என்று ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிட்டு, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று ஒரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் கோச் என்று பெயர்.