கழுத்தை மடிக்கும் ஆமை

எனக்கு எழுபத்தைந்து வயது. பெற்ற ஐந்தையும் தங்கை விட்டுப்போன ஒன்றையும் கொழுந்து பறித்தே வளர்த்தேன். கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் வராது. நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள்.

நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். எனக்கு எட்டு வயதிருக்கும். அப்பாவுக்குத் துரை பங்களாவில் பூந்தோட்ட வேலை. செடிகளோடு ஓர் ஆமையும் அவர் பொறுப்பு. தென் அமெரிக்காவில் ஏதோ மலை ஓடைகளில் மட்டும் இருக்கிற அபூர்வ சாதியாம். எங்கள் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளும் என்று துரை கப்பலில் கொண்டுவந்திருந்தார். பாம்பு மாதிரி நீண்ட கழுத்து. நம் ஊர் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இது இழுக்காது. கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து, ஓட்டின் விளிம்புக்கு அடியில் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஓர் அடைமழையில் அது கிடந்த தொட்டி நிரம்பி வழிந்தது. ஆமையைக் காணோம்.

கணக்கப்பிள்ளை நாங்கள் குடியிருந்த லயத்துக்கே வந்துவிட்டார். எல்லாரும் பார்க்க, அப்பாவிடம், "என்னடா, கறி வச்சுத் தின்னுட்டியா? ருசியா இருந்துச்சா?" என்றார். பொழுது சாய்வதற்குள் ஆமை வராவிட்டால் வேலையும் இல்லை, குடியிருக்க லயமும் இல்லை.

அம்மாதான் சீறினாள்: "ஆமை வாசப்படி ஏறுனாலே குடும்பத்துக்கு ஆகாதுன்னு இருக்கிறவங்க நாங்க. அதப் போயி சட்டியில போடுவோமா? உங்க வீட்டுல போடுவாங்களான்னு கேட்டுட்டு வாங்க!"

நான் தண்ணீர் ஓடுகிற கான் வழியே தேடிக்கொண்டு இறங்கினேன். நாங்கள் குடம் நிரப்புகிற பீலிக்கு அடியில், சேற்றுக்குள் கழுத்தை மடித்துக் கிடந்தது. மழைக்குப் போர்த்தியிருந்த கம்பளியில் சுற்றி எடுத்தேன். லயத்துப் பக்கம் திரும்பினால் பெரியம்மா விளக்குமாற்றோடு நின்றாள். "அடியே, அத இந்தப் பக்கம் கொண்டாராத!"

சரியென்று நேரே பங்களாவுக்கு நடந்தேன். நம் ஆட்கள் போகிற பின்கட்டுக்குப் போகாமல், முன்படியில் ஏறினேன்.

கணக்கப்பிள்ளை ஓடிவந்தார். "ஏய் குட்டி, பின்னால போ! குடு அத!"

"குடுக்க மாட்டேன். எங்கப்பா திங்கலைன்னு சொல்லுங்க. லயத்துல கத்துனீங்கல்ல, அதே மாதிரி சத்தமா சொல்லுங்க."

துரை வெளியே வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, கம்பளியைத்தான் பார்த்தார். "சொல்லு, சீக்கிரம் சொல்லு" என்று கணக்கப்பிள்ளையை அதட்டினார். கணக்கப்பிள்ளை ஏதோ முனகினார்.

"கேக்கல" என்றேன்.

"உங்கப்பன் திங்கல! போதுமாடி?"

அதற்குப் பிறகுதான் ஆமையை நீட்டினேன்.

அப்பாவின் வேலை போகவில்லை. ஆனால் மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டில், அவர் மண்வெட்டியோடு தேயிலை மலை வேலைக்காரர் வரிசையில் நின்றார். நாள் முழுக்க மழையில் கான் வெட்டுகிற வேலை அது. நான் முன்படி ஏறியதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்து, பல நாள் அவர் முகத்தைப் பார்க்காமலே சோறு தின்றேன். பிறகுதான் தெரிந்தது, பூந்தோட்ட வேலைக்கே திரும்பி வரச் சொல்லி துரை இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்ட வேலையை ஒருவர் ஏன் வேண்டாம் என்பார் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

பேத்தி, அவரை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதிவிடாதே. வரமாட்டேன் என்றவர் அவர்தான். எங்கே, அந்த இடத்தை வாசி, கேட்கிறேன்.