தெர்மோஸ்டாட்டும் ஒரு சட்டைக்கையும்

வீட்டில் எது பழுதானாலும் வெளியாளைக் கூப்பிட அவர் விடமாட்டார். "நானே பாத்துக்கறேன்" என்பார். அதைக் கேட்டுக் கேட்டு மனைவி வீட்டார் அவருக்கு 'நானே' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வதைச் சகலை மட்டும் முகத்துக்கு நேராகச் சொல்வார். பெயர் பொய்யில்லை என்பதற்கு வீடே சாட்சி. குளியலறைக் குழாயை மூட வேண்டுமானால் திறக்கிற பக்கம் திருப்ப வேண்டும். சமையலறை விளக்கு எரிய வேண்டுமானால் படுக்கையறைக்குப் போய் சுவிட்சைப் போட வேண்டும். வீட்டு மனிதர்களுக்கு எல்லாம் பழகிவிட்டது. விருந்தாளிகள்தான் தண்ணீரை நிறுத்தத் தெரியாமல் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்கள்.

வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் விற்கிற பெரிய கடையில் அவருக்கு வேலை. புகார் சொல்ல வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசி அனுப்ப வேண்டும். எரிந்து விழுந்துகொண்டு வருகிறவரிடம் குரலை உயர்த்தாமல், "எப்படி யூஸ் பண்ணீங்க?" என்று ஆரம்பிப்பார். அப்படியா, இப்படியா என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் அந்த ஆள் தன் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு எழுந்து போகிற மாதிரி செய்துவிடுவார். முதலாளிக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். தலை நரைக்கிற வரைக்கும் ஒருத்தன் இதையே செய்தால் அது கடையோடு நிற்குமா? வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் பொங்கினாலும் பல்பு ஃபியூஸ் போனாலும் அவருடைய முதல் கேள்வி அதுதான்.

மனைவி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாற்பது தாண்டிய பிறகு, அவர் "நான்தான் இருக்கேனே" என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நன்றாகவே ஓட்டினாள். இரண்டு பேருந்து மாறுகிற பாடு ஒழிந்தது. சாயங்காலம் வாசலில் வந்து நின்ற பிறகும், ரேடியோவில் பாட்டு முடிகிறவரை இறங்காமல் உட்கார்ந்திருப்பாள். அந்த வீட்டில் அவர் கைபடாமல் அவளுக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான்.

பழைய கார். ஒருநாள் இன்ஜின் சூடேறத் தொடங்கியது. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார் தெருக்கோடி மெக்கானிக். அது ஒரு சின்ன மூடி. தண்ணீர் சூடானதும் தானே திறந்து ரேடியேட்டருக்கு விடவேண்டியது. திறக்காவிட்டால் இன்ஜின் கொதித்துப்போகும். மாற்றித் தருகிறேன் என்ற மனிதரிடம் இவர் என்ன சொன்னார் என்று சொல்லவே வேண்டாம். அதைக் கழற்றிக்கொண்டுவந்து பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தார். மூடி அசையவில்லை. நோயைக் கண்டுபிடித்த டாக்டர் மாதிரி வீடு முழுக்கக் காட்டினார். அதற்கப்புறம் அந்தப் பாத்திரத்தில் யாரும் பால் காய்ச்சவில்லை.

புதியதை மாட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய காகித வாஷர் இன்ஜின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டும்போது தூள் உள்ளே விழாமலிருக்க ஓட்டையில் துணியை அடைத்தார். செய்யவேண்டியதுதான், அதில் தப்பில்லை. துணி, நீலக்கோடு போட்ட முழுக்கைச் சட்டையின் ஒரு கை. வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் மனைவி வாங்கிக் கொடுத்த சட்டை அது. காலர் நைந்துவிட்டதே என்று அவளைக் கேட்காமலே வெட்டிவிட்டார். மணிக்கட்டுப் பட்டியில் பொத்தான்கூட அப்படியே இருந்தது.

சுரண்டி முடிக்கவும், ஊரிலிருந்து சகலையும் மனைவியின் அக்காவும் பெட்டியோடு வந்து இறங்கவும் சரியாக இருந்தது. "என்ன நானே, ஆபரேஷனா?" என்றார் சகலை. அவ்வளவுதான், இவருக்குக் கேட்க ஆள் கிடைத்துவிட்டது. புது தெர்மோஸ்டாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அது எப்படித் திறக்கும், எப்போது மூடும் என்று ஆதியோடந்தமாக விளக்கினார். விளக்கிக்கொண்டே அதை மாட்டினார், மூடினார், போல்ட்டை முடுக்கினார், ரேடியேட்டரில் பச்சை கூலன்ட் தண்ணீரை ஊற்றினார். துணியை எடுத்தாரா? எடுக்கவில்லை. தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்ததில் ஒரு குறையும் தெரியவில்லை. துணிக்குள் புகுந்து கொஞ்சம் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது போல.

விருந்தாளிகளை ரயிலேற்ற மனைவிதான் ஓட்டிக்கொண்டு போனாள். மேம்பாலத்தில் நெரிசல். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியதும் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, விளக்கைச் சிமிட்டவிட்டு, அவருக்குப் போன் செய்தாள். அவர் கடையிலிருந்து வந்து சேர்ந்தபோது முன்பக்கம் புகைமண்டலம். இவர் கேட்ட முதல் கேள்வி, அக்கா முன்னாலும் சகலை முன்னாலும் போகிற வருகிற ஜனம் முன்னாலும், "எப்படி யூஸ் பண்ண?" என்பதுதான்.

"நான் முள்ளப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஏற ஆரம்பிச்ச உடனே நிறுத்திட்டேங்க."

"உடனே நிறுத்தியிருந்தா இப்படிக் கொதிக்குமா? இப்பதானே புதுசு மாத்திக் குடுத்தேன்."

ரயில் போய்விட்டது. மறு டிக்கெட் கிடைக்கிறவரை சகலையும் அக்காவும் இவர்கள் வீட்டிலேயே தங்கவேண்டியதாயிற்று. அவள் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு மறுநாளிலிருந்து பேருந்தில் போனாள். ஓட்டத் தெரியாதவள் கையில் கொடுத்தால் இப்படித்தான் என்று இவர் அந்த வாரம் முழுக்கப் போனில் யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காதில் விழும்படிதான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் பிரித்தார். கொதித்ததில் தெர்மோஸ்டாட் கெட்டிருக்கும் என்று இன்னொன்று வாங்கி வைத்திருந்தார். சகலை பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேல்மூடியைக் கழற்றி தெர்மோஸ்டாட்டை எடுத்தால், பின்னால் நீலக்கோடு. விரலை விட்டு இழுத்தார். பச்சைத் தண்ணீர் சொட்டச் சொட்ட முழுக்கை வந்தது, பொத்தானோடு.

பாலத்து ஓரத்தில் நின்ற மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். சகலை பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. சட்டென்று துணியைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி புதியதை மாட்டி, கூலன்ட் ஊற்றி, நெடுநேரம் ஓடவிட்டார். முள் நடுவில் நின்றது.

"என்னதான் ஆச்சு?" என்றார் சகலை.

"தெர்மோஸ்டாட் போயிருச்சு சகலை. ஒருதடவை கொதிச்சா அதோட ஆயுசு முடிஞ்சுது."

தேநீரோடு வந்த மனைவி அதைக் கேட்டுவிட்டாள். "அப்ப நான்தான் கெடுத்துட்டேனா?" என்றாள். சண்டைக்குக் கேட்கவில்லை. ஒருவேளை தான்தானோ என்று அவளே நம்பத் தொடங்கிய குரல் அது. கடையில் அவர் எத்தனையோ பேரிடம் கேட்ட குரல்.

"சரி விடு," என்றார். "தெரியாமதானே செஞ்ச. இனிமே பாத்து ஓட்டு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

சொல்லும்போதே தொடையில் ஈரம் இறங்கியது. கால்சட்டையில் பச்சை பரவுவதைச் சகலை பார்த்துவிட்டு, "என்ன நானே, ரேடியேட்டர் உங்ககிட்டதான் ஒழுகுதா?" என்று சிரித்தார். கூலன்ட் சிந்திவிட்டது என்று இவர் அசடு வழிந்தார். காய்ந்தால் கறை போகாது, கழற்றிப் போடுங்கள் என்றாள் மனைவி.

குளிக்கப் போனவர் கால்சட்டையைக் கதவுக்கு வெளியே கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். சோப்பு போட்ட பிறகுதான் பையிலிருந்த துணி ஞாபகம் வந்தது. அடைத்துவிட்டு மறந்தவர், ஒளித்துவிட்டும் மறந்தார். பதற்றத்தில் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவருக்கே குழம்பிவிட்டது. கதவைத் திறந்து கையை நீட்டினால் கொக்கி காலி.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாருக்கும் பரிமாறினாள், இவருக்கும் பரிமாறினாள். இனிமேல் இந்த வண்டியை நம்பி ஏறலாம் என்று சகலை பாராட்டினார். இவருக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது சொல்வாள், இதோ சொல்லப்போகிறாள் என்று ஒவ்வொரு வாய்க்கும் அவள் முகத்தைப் பார்த்தார். சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாப்பிட்டுக் கைகழுவ வந்தபோது பின்பக்கக் கொடியில் கால்சட்டை காய்ந்தது. அதன் பக்கத்தில் கிளிப் போட்டு அந்தச் சட்டைக்கை. பொத்தானைப் போட்டிருந்தாள்.

"இது என்னடி, கை மட்டும் தனியா தொங்குது?" என்றாள் அக்கா.

"பழைய துணிக்கா," என்றாள் அவள்.

பாலத்தில் ஊர் பார்க்க அவர் செய்ததற்கு, சொந்த அக்காவிடம்கூட அவரை விட்டுக்கொடுக்காமல் அவள் பதில் செய்துகொண்டிருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. கடைக்கு வருகிற யாரோ ஒருவர் இந்த மாதிரித் துணியை எடுத்து மேஜையில் வைத்திருந்தால் தான் என்ன கேட்டிருப்போம் என்று யோசித்தார். அந்தக் கேள்வியை அவராலேயே பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பினார்கள். அவர் கையில் சாவி. பெட்டியைத் தூக்கிய சகலை, "இன்னைக்கு நீங்களே ஓட்டுங்க, எனக்கு வீடு போய்ச் சேரணும்," என்றார். அக்கா சிரித்தாள். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"தெர்மோஸ்டாட் ஒண்ணும் கெட்டுப்போகல சகலை," என்றார் அவர். குரல் அவருக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "நான்தான் உள்ள துணிய அடைச்சு, எடுக்க மறந்துட்டேன். கொடியில தொங்குதே, அதுதான். அவ சரியாத்தான் ஓட்டினா."

சகலை பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இனி சாகிறவரை இதைச் சொல்லிக் காட்டுவார், போகட்டும். இவர் சகலையைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவளும் சிரித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

அவள் சிரிக்கவில்லை. "துணிய மறந்தத விடுங்க," என்றாள். "அது யாருக்கும் நடக்கும். அந்தத் துணிய பையில வச்சுக்கிட்டே என்னை மன்னிச்சீங்க பாருங்க."

சகலையின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்தார்.

சகலை முன்னால் உட்கார்ந்தார். இவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்காவோடு பின்னால். மேம்பாலத்தில் அன்றைக்கும் நெரிசல். முன் இருக்கைகளின் இடுக்கு வழியாக அவருக்கு முள் தெரிந்தது. நடுவில்தான் நின்றது. அவளும் அடிக்கடி அதைப் பார்த்துக்கொண்டாள். பாலத்தில் நின்ற அன்றைக்கும் இப்படித்தான் பார்த்துக்கொண்டே ஓட்டியிருப்பாள். அவள் கண் ஒவ்வொரு தடவை அங்கே போகும்போதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.